சிறுதுளைக் கைத்துப்பாக்கி: செங்கை மண்ணிலிருந்து ஒரு நோக்கு

துப்பாக்கி என்னும் சொல் தமிழன்று. துருக்கியரின் 'தூஃபெக்', வடபுலத்தாரின் 'துபக்' ஆகியவற்றின் உறவில் வந்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் குடியேறிய சொல் அது. ஆயினும் அதே எழுத்துக் கோவை வள்ளுவரின் வான்சிறப்பு அதிகாரத்தில் 'உண்பதற்குரியதை ஆக்கி' என்னும் பொருளில் நிற்பதால், திருவள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று பட்டிமன்ற மேடைகளில் நகையாடுவோர் இன்றும் உளர். நகைச்சுவை ஒருபுறம் இருக்க, அக்குறள் நூலை 1916-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட தமிழர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்ப் புதுச்சேரியில் இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் என்பது நகைச்சுவையன்று, வரலாறு. வ.வே.சு. ஐயரைத்தான் குறிப்பிடுகிறோம். அவரிடம் பின்னர் வருவோம்.

நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் பயிலும் மாணவர் சிலர் அவ்வப்போது நம்மை அணுகி, 'ஐயா, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது? போட்டிக்குப் போவதென்றால் எதைத் தெரிவு செய்ய வேண்டும்?' என்று வினவுவதுண்டு. தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது என்று தோன்றலாம். ஆனால் விலைப்பட்டியலையும் விளம்பரத்தையும் புரட்டினால் இவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. அமெரிக்க நாட்டில் ஒருவர் கடைக்குச் சென்று, கையில் ஏந்திப் பார்த்து, பொருந்தியதை வாங்கி வருகிறார். நம் நாட்டில் எந்தத் துளையளவுள்ள துப்பாக்கி யார் கைக்கு எட்டும் என்பதைச் சட்டம் முன்னரே எழுதி வைத்திருக்கிறது. அச்சட்டமோ, இலக்குப் பலகையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. கொலையை அஞ்சி எழுதப்பட்டது. கொலைக்குரிய கைத்துப்பாக்கி வேறு, இலக்குக்குரிய கைத்துப்பாக்கி வேறு என்னும் உண்மை இவ்வச்சத்தில் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. செங்கற்பட்டையும் மல்லைக் கடற்கரையையும் ஒட்டிய சில நிகழ்வுகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

முதலில் சிறுதுளை என்பது யாது என்று பார்ப்போம். குழலின் உள்துளை விட்டத்தை அங்குலத்தில் சொல்வது ஆங்கில மரபு. 'பாயிண்ட் டூ டூ' என்று நம் மாணவர் படையினர் சொல்லும் .22 அளவு, அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு; மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5.6. இதன் பிறப்பிடம் போர்க்களமன்று, வரவேற்பறை. 1845-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர், வெடிமருந்தே இல்லாமல், தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடியின் விசையால் மட்டும் ஒரு சிறு ஈயக்குண்டைச் செலுத்தும் தோட்டாவை அமைத்தார். செல்வர் வீட்டுக் கூடங்களில் விருந்தினர் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு உரிய பொருள் அது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அக்கருத்தை வளர்த்து .22 அளவுச் சுழல் துப்பாக்கி ஒன்றைச் செய்தது. 1887-இல் '.22 லாங் ரைஃபிள்' தோட்டா தோன்றிற்று. அன்று தோன்றிய அத்தோட்டாவே சிறு மாற்றங்களோடு இன்றும் ஒலிம்பிக் அரங்கில் சுடப்படுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தோட்டா மாறாதிருப்பது எளிய செய்தியன்று.

அது ஏன் நிலைத்தது? விலை குறைவு, ஓசை குறைவு, பின்னுதைப்பு குறைவு என்பார்கள். மூன்றும் மெய்யே. ஆனால் பயிலுநருக்கு இவற்றுள் முதன்மையானது பின்னுதைப்பின் குறைவு. பெருந்துளைத் துப்பாக்கியைச் சுடும் புதியவர், வெடிக்கப்போகிறது என்னும் அச்சத்தால் விசையை அழுத்தும் கணத்திலேயே மணிக்கட்டைத் தாழ்த்திவிடுவார். குண்டு இலக்கின் கீழே போகும். அவ்வழக்கம் ஒருமுறை உடலில் ஏறிவிட்டால் இறக்குவது அரிது. .22 அளவில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு, போட்டிக்கென்று செய்யப்படும் தோட்டாக்களில் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே செல்லுமாறு அமைக்கப்படுகிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சென்று, வழியில் மீண்டும் அதற்குக் கீழே இறங்கும் குண்டு தடுமாறும் என்பதே காரணம். வேகம் மிகுதியானால் குறி நன்றாகும் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி இந்தியர் படைக்கலம் வைத்திருத்தல் குற்றமாயிற்று; ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டத்தின் கடுமையைவிட அதிலிருந்த இந்த வேறுபாடே படித்த இந்தியரைப் புண்படுத்திற்று. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸின் மூன்றாம் மாநாட்டில் இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் வந்தது. விபின் சந்திர பாலர் அதனை நீக்கவேண்டும் என்றே பேசினார். அக்கால மாநாட்டுப் பேராளர்கள் வன்முறையாளர் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. வழக்கறிஞர்களும் நிலக்கிழார்களும் பத்திரிகை ஆசிரியர்களும் 'எம்மை நம்பவில்லையே' என்று வருந்தினர், அவ்வளவே.

ஆனால் இச்சட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையோரமாக மல்லையிலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1760-இல் ஆங்கிலேயர் பறித்து இடித்த ஆலம்பரைக் கோட்டையையும் கடந்து சென்றால் புதுச்சேரி. அங்கே ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. பாரதியாரும் அரவிந்தரும் அங்குச் சென்றது கருத்துரிமையை நாடி. சில இளைஞர்கள் சென்றது வேறொன்றை நாடி. 1910-இல் இலண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், அங்கே இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்றும், அவர்களுள் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர் என்றும், கரடிக்குப்பம் என்னும் ஒதுக்குப்புறத்தில் அப்பயிற்சி நடந்தது என்றும் விடுதலைப் போர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் பாடநூல்கள் போற்றும் ஒருவர் சுடுபயிற்சிக்கும் ஆசானாக இருந்தார் என்பதை வகுப்பறையில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சியின் கையிலிருந்தது பெல்ஜிய நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஜான் மோசஸ் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்தால் ஊர்த் தொழிற்சாலை வெளியிட்ட இவ்வகைத் துப்பாக்கிகள் அக்காலத்தில் உலகெங்கும் பரவின. 1909 டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்ஸன் சுடப்பட்டதும், 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதும் இவ்வகைத் துப்பாக்கிகளாலேயே. ஏன் இவை புரட்சியாளரின் கையில் ஏறின? இவ்வகையில் புகழ்பெற்ற 1900-ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துக்கொள்வோம். துளை 7.65 மில்லிமீட்டர், எடை 600 கிராமுக்குச் சற்று மேல், குழல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், தட்டையான உடல். சட்டைப் பையில் அடங்கும். எடுக்கும்போது எங்கும் சிக்காது. ஒரு முழ தூரத்தில் நிற்பவரைச் சுட இது போதும்.

இலக்குக்கு இது போதாது. இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு குறிமுள்ளும், பின்புறத்தில் ஒரு வெட்டும் உண்டு. பின்வெட்டின் நடுவே குறிமுள் நிற்குமாறு பிடிப்பதே குறிபார்த்தல். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு குறைந்தால் பிழை பெருகும். பையில் அடங்கும் துப்பாக்கியில் இத்தொலைவு 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், குறிமுள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 25 மீட்டர் தொலைவில் குண்டு 20 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். இன்றைய போட்டிக்குரிய .22 துப்பாக்கியில் இத்தொலைவு 22 சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. அங்கே அதே பிழை ஏறத்தாழ 11 சென்டிமீட்டராகக் குறைகிறது. 25 மீட்டர் நிதானச் சுடுதலின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் வெறும் 5 சென்டிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டரும் பெரிதே. கரடிக்குப்பத்துப் பயிற்சி வாஞ்சிக்குக் கைந்நடுக்கத்தைப் போக்கியிருக்கலாம், மனத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம்; குறிபார்க்கும் கலை மணியாச்சியில் தேவைப்படவே இல்லை.

இதையொத்த இன்னொரு நிகழ்வு செங்கற்பட்டின் நினைவில் ஆழப் பதிந்தது. 1967 ஜனவரி 12 அன்று, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இராமாவரம் தோட்டத்தில், எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். மருத்துவமனையில் இருந்தவாறே எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவர் குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வழக்கு செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்து, அவ்வாண்டு நவம்பரில் ராதாவுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. இவ்வழக்கின் அரசியலைப் பலர் எழுதிவிட்டனர். நமக்கு வேண்டியது வேறு. அவ்வளவு அணுக்கத்தில் நின்று சுட்டும் இருவரும் எவ்வாறு பிழைத்தனர் என்னும் வினாவுக்குத் தடயவியல் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம், தோட்டாக்கள் பல்லாண்டுகள் பழையன, பெட்டியில் உருண்டு கிடந்து விசை இழந்தவை என்பது. உயிர்காத்த அப்பழமை, இலக்குச் சுடுவோருக்கோ பெரும்பகை. ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்யப்பட்ட தோட்டாக்களைத் தேடி, தம் துப்பாக்கிக்கு எந்தத் தொகுதி ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து, அதையே மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் போட்டியாளர்கள். தெரிவு என்பது துப்பாக்கியோடு முடிவதில்லை. தோட்டாவும் அதில் பாதி.

மணியாச்சிக்கும் இராமாவரத்துக்கும் இடையில் ஆட்சி மாறிற்று. ஆயுதச் சட்டமும் 1959-இல் புதிதாக எழுதப்பட்டது. ஐரோப்பியருக்கு ஒரு நீதி என்னும் இழிவு போயிற்று. உரிமம் என்னும் கதவு அப்படியே நின்றது. அது வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. தெருவுக்குத் தெரு துப்பாக்கிக் கடை வைத்த நாடுகள் படும் பாட்டை நாள்தோறும் செய்தித்தாளில் காண்கிறோம். 1951-இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம் விளையாட்டாக இக்கலையை வளர்க்க முற்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான மாவலங்கரே சங்கத்தின் முதல் தலைவரும் ஆவார். பின்னர் 1980-களில் தனியார் அயல்நாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி விடப்பட்டது. உள்நாட்டில் அரசுத் தொழிற்சாலைகள் செய்து விற்றவையோ பெரும்பாலும் .32 அளவுத் தற்காப்புத் துப்பாக்கிகள். அதாவது பிரௌனிங்கின் 7.65 மில்லிமீட்டரை ஒத்த துளையளவு. இதிலுள்ள முரணைப் பாருங்கள்: கொலையை அஞ்சிய சட்டத்தின் கீழ், தற்காப்பு என்று சொன்னவருக்கு மனிதரைச் சுடும் துளையளவு கிடைத்தது, விளையாட்டு என்று சொன்னவருக்குக் காகித அட்டையைச் சுடும் துளையளவு கிடைப்பது அரிதாயிற்று. .22 கைத்துப்பாக்கி ரைஃபிள் கிளப்புகளின் இரும்புப் பெட்டிகளிலும், படையினர் கையிலும், காவலர் கையிலுமே தங்கிற்று. நம் மாணவர்களுக்கு .22 என்றால் தேசிய மாணவர் படையின் நீள்துப்பாக்கி மட்டுமே. தரையில் படுத்து, தோளில் முட்டுக்கொடுத்து, ஐந்து தோட்டாவோ பத்துத் தோட்டாவோ சுட்டுவிட்டு, வெற்றுக் கூடுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு வருவார்கள்.

ஆனால் சட்டத்துக்கு வெளியே ஒன்று எப்போதும் இருந்தது. மெரினாவிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும், ஊர்த் திருவிழாக்களிலும், அட்டையில் வண்ணப் பலூன்களைச் செருகி வைத்து, காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் தருவார்கள் அல்லவா? ஃப்ளோபேரின் வரவேற்பறைத் துப்பாக்கியின் நேர்வழித் தோன்றல் அதுவே. ஐரோப்பியச் சந்தைகளில் தொடங்கிய பொழுதுபோக்கு நம் கடற்கரைக்கு வந்து, சுண்டல் விற்பவருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. அத்துப்பாக்கிகளின் குறிமுள் பெரும்பாலும் வளைந்திருக்கும். முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, இரண்டாவதை அதற்கேற்ப விலக்கிச் சுடுபவர் பலூனை உடைப்பார். கடைக்காரரைக் குறைசொல்பவர் காசை இழப்பார்.

காற்றுத் துப்பாக்கியின் தகுதி உயர்ந்தது 1988-இல். அவ்வாண்டு சியோல் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி சேர்க்கப்பட்டது. வெடிமருந்து இல்லை, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். கணக்கிட்டால் அக்குண்டின் ஆற்றல் ஐந்தாறு ஜூலைத் தாண்டாது. .22 கைத்துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் நூறு ஜூலைத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் மென்மை விளங்கும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 20 ஜூலுக்கு உட்பட்ட, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளை உரிமக் கட்டாயத்திலிருந்து விலக்கின. சட்டத்தின் அச்சமும் விளையாட்டின் தேவையும் முதன்முறையாக ஓரிடத்தில் சந்தித்தன எனலாம். இன்று இந்தியாவில் சிற்றூர்ச் சிறுமி ஒருத்தி பதக்கம் வரை செல்ல முடிகிறதென்றால், பெரும்பாலும் இச்சந்திப்பின் பயனே அது. அரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தைச் சேர்ந்த மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து ஒன்றுமாக இரு வெண்கலங்கள் பெற்றார். 25 மீட்டர் .22 போட்டியில் நான்காமிடம். மாறாக, 2012 இலண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் வெள்ளி வென்ற விஜய்குமார் இராணுவ வீரர். ஐந்து இலக்குகளை எட்டு நொடியிலும், ஆறு நொடியிலும், இறுதியில் நான்கு நொடியிலும் சுட வேண்டிய போட்டி அது. அதற்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தோட்டா செலவழிய வேண்டும். அவ்வசதி யாருக்கு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மாணவர் கேட்கும் வினாவுக்கு நம் விடை இதுதான். பொழுதுபோக்குக்காயினும் போட்டிக்காயினும் தொடக்கம் 10 மீட்டர் ஏர் பிஸ்டலாகவே இருக்கட்டும். வேறு வழியில்லாமல் இதனைச் சொல்லவில்லை. கற்பதற்கு அதுவே சிறந்தது. குண்டு மெல்லச் செல்வதால், விசை அழுந்திய பின்னும் குழலுக்குள் அது நெடுநேரம் இருக்கிறது. 'நெடுநேரம்' என்பது நொடியின் நூற்றில் ஒரு பங்குதான். அதற்குள் கை அசைந்தால் குண்டும் அசையும். சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே நிற்கும் ஒழுக்கத்தை .22 மன்னித்துவிடும்; காற்றுத் துப்பாக்கி மன்னிக்காது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகம் அளவு. அறுபது முறை சுட வேண்டும். ஒன்றேகால் மணி நேரம்.

வாங்கும்போது நோக்க வேண்டியது பெயரையன்று, கைப்பிடியை. போட்டிக்குரிய கைத்துப்பாக்கிகளின் மரப்பிடி, உள்ளங்கையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கப்பட்டு, கீழே கையைத் தாங்கும் ஓர் அடித்தட்டும் கொண்டிருக்கும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. அளவிலும் சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பிரிவுண்டு. கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்தால் குறிமுள் பின்வெட்டின் நடுவே தானாக நிற்க வேண்டும். நில்லாமல் ஒருபுறம் சாய்ந்தால் அப்பிடி உமக்குரியதன்று. நண்பர் வைத்திருக்கிறார், வீரர் ஒருவர் படத்தில் பிடித்திருக்கிறார் என்பதெல்லாம் காரணமாகா. ஹங்கேரியின் கரோலி டாக்காச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையை இழந்தவர். இடக்கையில் மீண்டும் பழகி 1948-இலும் 1952-இலும் ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார். அவர் மறுபடி தொடங்கியபோது பழைய துப்பாக்கியின் பிடியே அவருக்குப் பயன்பட்டிராது.

அடுத்தது விசை. ஏர் பிஸ்டலில் விசையை அழுத்தும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, 25 மீட்டர்.22 துப்பாக்கியில் 1000 கிராமுக்குக் குறையக்கூடாது. போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பார்கள். இதைவிட முக்கியமானது, அழுத்தும்போது விசை இரு கட்டமாக நகர்ந்து, இரண்டாம் கட்டத்தில் இழுபறியின்றி விடுபடுவது. மலிவான காற்றுத் துப்பாக்கிகளில் இது அமையாது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். எடையைப் பொறுத்தவரை ஏர் பிஸ்டல் 1500 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோவுக்குக் கீழ் இருப்பது நல்லது. கூடுதல் எடையைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். வலித்த தோளை உடனே சரிசெய்ய முடியாது. அழுத்தக் காற்றை உருளையில் அடைத்துச் சுடும் வகையே இன்று போட்டி அரங்குகளில் காணப்படுகிறது. வில்சுருளால் இயங்கும் பழைய வகை, உள்ளே உருளை நகர்வதால் கையை அசைக்கும். ஆனால் பழுது குறைவு, வீட்டுப் பயிற்சிக்குப் போதும்.

.22-க்கு எப்போது செல்வது? கிளப் ஒன்றில் சேர்ந்து, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் குறித்த புள்ளிகளை எட்டிய பிறகு. அதுவரை கிளப்பின் துப்பாக்கியிலேயே பயிலலாம். உரிம வயதாகிய 21-ஐ எட்டாத இளையோருக்கும் மேற்பார்வையில் பயில இடமுண்டு. அப்போதும் சுழல் துப்பாக்கியை நாட வேண்டா. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஐந்து தோட்டாப் போட்டித் துப்பாக்கியே 25 மீட்டருக்கு உரியது. பெண்களுக்கான 25 மீட்டர்ப் போட்டியின் இரண்டாம் பாதியில் இலக்கு மூன்று நொடி தோன்றி ஏழு நொடி மறையும். அந்த மூன்று நொடிக்குள் தாழ்ந்த கையை உயர்த்திச் சுட வேண்டும். பிடி கையில் பொருந்தாதவர் அங்கே கண்ணால் குறிமுள்ளைத் தேடிக்கொண்டிருப்பார். 50 மீட்டர் 'ஃப்ரீ பிஸ்டல்' என்னும் பழம்பெரும் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிவிட்டது. ஒற்றைத் தோட்டாவும் நீண்ட குழலும் கொண்ட அத்துப்பாக்கிகளைப் பழம்பொருள் விரும்புவோர்க்கு விட்டுவிடலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் மாவட்டத்தைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. செங்கற்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சுடுதளம் இருக்கிறது. 2023-இல் இந்தியா முழுவதிலுமிருந்து பெண் காவலர்கள் அங்கு வந்து போட்டியிட்டனர். கைத்துப்பாக்கிப் பிரிவும் அதில் உண்டு. 2022-இல் மல்லையை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, நம் கல்லூரிப் பிள்ளைகள் அரங்கு வரை சென்று பார்த்துவிட்டு வந்து சதுரங்கப் பலகை வாங்கினார்கள். அதே ஜூலையில் நடிகர் அஜித்குமார் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டியில் கைத்துப்பாக்கி சுட்டபோது வாயிலில் திரண்ட கூட்டம் நடிகரைக் காண வந்தது. ஆயினும் கைத்துப்பாக்கியால் அட்டையையும் சுடலாம் என்பது அன்றுதான் பல வீடுகளுக்குத் தெரிந்தது. ஒத்திவாக்கத்தின் வேலிக்கு வெளியேயுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கோ வெடியோசை மட்டுமே கேட்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குப் பெரிய தளம் வேண்டுவதில்லை. பத்து மீட்டர் நீளமும் பின்னே குண்டைத் தாங்கும் சுவரும் உள்ள ஒரு பள்ளிக்கூட மண்டபம், மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், ஐந்தாறு துப்பாக்கிகள். எத்தனையோ பள்ளிகளில் பயன்படாமல் கிடக்கும் பொருட்காட்சி அறைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

மல்லையின் மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேலிருந்து வில்வளைக்கும் கொற்றவையைச் சுற்றுலா வரும் பிள்ளைகள் நின்று பார்ப்பதுண்டு. அவர்களிடம் அவளது முகத்தைப் பார்க்கச் சொல்வோம். எதிரே மகிடன் கதையை ஓங்கி நிற்க, அவள் முகத்தில் பதற்றமோ சினமோ இல்லை. பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, எளிய மூக்குக்கண்ணாடியோடு நின்று வெள்ளி வென்ற படம் உலகைச் சுற்றியபோது நமக்கு நினைவு வந்தது அச்சிற்பமே.

கடற்கரையோரம் வாழும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. கல்பாக்கம் முதல் கோவளம் வரை உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. பயிற்சி முடிந்தவுடன் குழலின் வெளிப்புறத்தையும் உலோகப் பகுதிகளையும் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை இட்டு, மாதம் ஒருமுறை அவற்றை மாற்றுங்கள். அழுத்தக் காற்றுக் குப்பியின் மேல் பொறித்திருக்கும் காலாவதி ஆண்டையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பழைய துப்பாக்கியை மலிவாகத் தருபவர்கள் பெரும்பாலும் அக்குப்பியின் ஆயுள் முடிந்த பிறகே தருகிறார்கள்.